பழைய ஃப்ரிட்ஜுக்கு இன்னும் செலவு செய்யலாமா?

நேற்று அரைத்த மாவு ஃப்ரிட்ஜுக்குள் இருந்தும் இன்று மாலைக்குள் புளித்துப் பொங்கி நிற்கிறது என்றால் பெட்டியில் ஏதோ கோளாறு. மெக்கானிக் வருவார், பின்பக்கம் குனிந்து பார்ப்பார், "கேஸ் போயிடுச்சு, 3,500 ஆகும். பத்து வருஷ வண்டி, இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்" என்பார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க உங்களிடம் ஒரு வழியும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டார்ச், ஒரு பத்து ரூபாய் நோட்டு, உங்கள் வீட்டு ஈபி மீட்டர், ஒரு நாள் பொறுமை இருந்தால் பாதிக்கு மேல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது "மோட்டார் நல்லா இருக்கா?" என்றுதான். மோட்டார், கேஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. மாற்றவே முடியாதது பெட்டி. வெளித் தகட்டுக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஊற்றி இறுக்கியிருக்கும் பஃப் நுரைதான் குளிரை உள்ளே பிடித்து வைக்கிறது. அது கெட்டால் புத்தம் புதுக் கம்ப்ரசர் போட்டாலும் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பார்வையைப் பெட்டியில் தொடங்குவோம்.

பெட்டியைச் சோதிக்கும் விதம்

விடியற்காலையில், கம்ப்ரசர் நின்றிருக்கும் நேரத்தில், வெளித் தகட்டை எல்லாப் பக்கமும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரே சீராக, அறையின் சூட்டிலேயே இருக்க வேண்டும். ஒரு இடம் மட்டும் சில்லென்று இருந்தாலோ, அங்கே மட்டும் வியர்த்து நீர் வழிந்தாலோ அதன் பின்னால் இருக்கும் நுரையில் தண்ணீர் ஏறிவிட்டது. தண்ணீர் ஏறிய நுரை காயாது. மழைக்காலத்தில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், கதவு ஓரமெல்லாம் வியர்ப்பது சாதாரணம். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதேபோல் பின்புறம் கறுப்புக் கம்பி வலை இல்லாத மாடல்களில் கம்ப்ரசர் ஓடும்போது பக்கவாட்டுத் தகடு சுடும். சூட்டை வெளியே விடும் கண்டென்சர் குழாய் அந்தத் தகட்டுக்குள்ளேயே ஓடுவதால் வரும் சூடு அது, கோளாறில்லை.

அடுத்து அடிப்பாகம். கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பட்டையையும் கால்கள் பொருந்தும் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலாகப் படிந்த துரு பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்தது. உள் பிளாஸ்டிக்கில் நீள விரிசல் இருந்து, அது தண்ணீர் தேங்கும் கீழ்ப் பகுதியில் இருந்தால் அதுவும் கெட்ட சேதிதான்.

நுரையில் தண்ணீர் ஏற ஒரு காரணம், ஒரு சின்ன ஓட்டை அடைபட்டிருப்பது. உள்ளே பின்சுவரின் அடியில் நீர் வடிவதற்கு ஒரு துளை இருக்கும். கொத்தமல்லித் தழைத் துணுக்கும் பிளாஸ்டிக் கவர் கிழிசலும் அதை அடைத்துவிடும். காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் நிற்பது இதனால்தான். வெதுவெதுப்பான நீரை ஊற்றி, வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் மெதுவாக நுழைத்து எடுத்தால் போதும். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம்.

பெட்டி தேறவில்லை என்றால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். பெட்டி தேறினால் தொடர்ந்து படிக்கலாம்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத் தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 3 முதல் 5 டிகிரி என்றால் ஃப்ரிட்ஜில் குறையில்லை, மாவில் உப்பும் வெந்தயமும் எவ்வளவு என்று பாருங்கள். 8 டிகிரிக்கு மேல் என்றால் கோளாறு உண்மை.

கதவு ரப்பரைப் பத்து ரூபாய் நோட்டால் சோதிக்கலாம். நோட்டை ரப்பருக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இழுக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு பக்கமும், முக்கியமாகக் கீல் இருக்கும் பக்கமும் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் உடனே புது ரப்பர் வாங்கிவிட வேண்டாம். வழிந்த மாவும் பாலும் காய்ந்து மடிப்புகளில் ஒட்டியிருக்கும். சோப்புக் கலந்த வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். மடங்கிப்போன இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து நிமிர்த்தினால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். கிழிந்திருந்தால் மட்டுமே மாற்றம். மாடல் நின்றுபோயிருந்தாலும் பெரிய ஊர்களில் அளவு கொடுத்தால் செய்து தருகிறார்கள். 800 முதல் 1,800 வரை ஆகலாம். ஃப்ரிட்ஜின் முன்கால்கள் பின்கால்களைவிட ஒரு நூல் உயரமாக இருக்கட்டும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

பின்புற வலையில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தால் உள்ளிருந்து இழுத்த சூடு வெளியேற வழியில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் குறைந்தது நாலு விரற்கடை இடைவெளி வேண்டும். மாடுலர் கிச்சன் என்ற பெயரில் மூன்று பக்கமும் பலகை அடித்து அடைத்துவிட்டு, கூலிங் இல்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் வீடுகள் நிறைய.

"டிக்... டிக்..." சத்தம்

கம்ப்ரசர் பத்து நொடி உறுமிவிட்டு "டிக்" என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி அதையே செய்தால் அது கிளம்ப முடியாமல் தவிக்கிறது. காரணம் மூன்றில் ஒன்று: வோல்டேஜ், ரிலே (கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சின்னப் பாகம்), கம்ப்ரசர். செலவும் இதே வரிசையில்தான் ஏறும், சோதனையும் இதே வரிசையில் நடக்கட்டும்.

கோடை மாலைகளில் மட்டும் இந்தச் சத்தம் வந்தால் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். 180க்குக் கீழே போனால் பழைய கம்ப்ரசர்கள் திணறும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால் நேராகச் சுவர் பிளக்குக்கு மாற்றிப் பாருங்கள். கரண்ட் போய் உடனே வந்தால் ஒரு முறை "டிக்" என்று நின்று, ஐந்து நிமிடத்தில் தானே கிளம்புவது இயல்பு. குழாயில் அழுத்தம் சமமாகும் வரை கம்ப்ரசரால் கிளம்ப முடியாது.

வோல்டேஜ் சரியென்றால் ரிலே. பிளக்கைப் பிடுங்கியபின் மெக்கானிக் கம்ப்ரசரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ரிலேயை உருவுவார். அதைக் காதருகே வைத்துக் குலுக்கச் சொல்லுங்கள். உள்ளே கிலுகிலு என்றால் அதிலிருக்கும் வில்லை உடைந்துவிட்டது. கருகிய நாற்றம், கரி படிந்த கம்பி முனை ஆகியவையும் அதே சேதிதான். ரிலே, ஓவர்லோட் (கம்ப்ரசர் அதிகம் சூடானால் கரண்டைத் துண்டிக்கும் பாகம்) இரண்டும் சேர்த்துக் கூலியோடு 300 முதல் 600 வரை. இருபது வயதுப் பெட்டியாக இருந்தாலும் இந்தச் செலவுக்கு யோசிக்க வேண்டாம்.

ரிலேயும் நல்லதென்றால்தான் கம்ப்ரசரின் காமன், ரன், ஸ்டார்ட் என்னும் மூன்று பின்களில் (கம்பி முனைகளில்) மல்டிமீட்டர் வைக்க வேண்டும். சாதாரண கம்ப்ரசரில் காமனுக்கும் ரன்னுக்கும் இடையே 12 ஓம், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே 18 ஓம் என்றால், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே 30 வர வேண்டும், அதாவது இரண்டின் கூட்டுத் தொகை. இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் மூன்று அளவும் ஒன்றாக இருக்கும். எந்தப் பின்னுக்கும் கம்ப்ரசரின் உடம்புக்கும் தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால் சுருள் எரிந்து உடம்பில் கரண்ட் இறங்குகிறது. அந்த ஃப்ரிட்ஜை மறுபடி பிளக்கில் மாட்டாதீர்கள்.

டபுள் டோரில் மேலே ஐஸ், கீழே வெப்பம்

தேவையில்லாமல் கேஸ் ஏற்றப்படுவது இந்த இடத்தில்தான் அதிகம். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

டபுள் டோர் பெரும்பாலும் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல். அதில் குளிர்ச் சுருள் பெரும்பாலும் ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிர்காற்றை மேலுக்கும் கீழுக்கும் தள்ளும். சுருளில் படியும் பனியை, டைமரோ எலக்ட்ரானிக் போர்டோ சொல்லும் நேரத்தில் ஒரு ஹீட்டர் உருக்கிவிடும். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி கூடிக் கூடிச் சுருளை மூடி, காற்றுப் பாதையை அடைத்துவிடும். மேலே ஐஸ் கட்டும், கீழே பால் திரியும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் கேஸ் குறைந்ததுபோலவே தெரியும்.

இரண்டையும் வீட்டிலேயே பிரித்தறிய எளிய வழி, 24 மணி நேரச் சோதனை. பொருட்களையெல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். தரையில் பழைய துணி விரியுங்கள். பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டு நிரம்பி வழியும், அதையும் கவனியுங்கள். சீக்கிரம் உருகட்டும் என்று கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வைத்து நோண்டாதீர்கள்; அலுமினியக் குழாய் ஓட்டையானால் 1,000 ரூபாய் வேலை 5,000 ஆகிவிடும். டேபிள் ஃபேன் வைத்தால் போதும்.

மறுநாள் போடுங்கள். ஆறு மணி நேரத்தில் இரண்டு அறையும் நன்றாகக் குளிர்ந்து, மூன்று நாளோ பத்து நாளோ ஒழுங்காக ஓடி, பிறகு கீழ் அறை மட்டும் மறுபடி வெப்பமானால் கோளாறு பனி உருக்கும் அமைப்பில் இருக்கிறது. ஒழுகிப் போன கேஸ் ஒரு நாள் ஓய்வெடுத்தால் திரும்பி வராது. போட்ட பிறகும் மாற்றமே இல்லை என்றால்தான் கேஸ் பக்கம் யோசிக்க வேண்டும். கதவுச் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். கம்ப்ரசர் ஓடியும் இது கேட்காவிட்டால் ஃபேன் மோட்டார். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில் முடியும்.

பனி உருக்கும் அமைப்பில் டைமர், ஹீட்டர், பனி உருகியதும் ஹீட்டரை நிறுத்தும் பைமெட்டல், சூடு எல்லை மீறினால் அறுந்துபோகும் ஃபியூஸ் என்று நான்கு உருப்படிகள். புதிய மாடல்களில் பைமெட்டலுக்குப் பதில் சென்சார், டைமருக்குப் பதில் போர்டு. ஹீட்டரின் ஓம் அளவு வாட்டைப் பொறுத்துச் சுமார் 250 முதல் 400 வரை வரும்; எதுவும் காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. பைமெட்டலில் ஒரு சூட்சுமம். அது குளிரில் மட்டுமே இணையும், அறை வெப்பத்தில் திறந்தே இருக்கும். உருகிக் காய்ந்த ஃப்ரிட்ஜில் மீட்டர் வைத்து "இது செத்துப்போச்சு" என்றால் அந்தச் சோதனை செல்லாது. ஃப்ரீசர் குளிரில் வைத்துத்தான் அளக்க வேண்டும். இவற்றில் எது போனாலும் கூலி சேர்த்து 800 முதல் 2,000 வரை. பெட்டி நன்றாக இருந்தால் தயங்காமல் செய்யலாம். போர்டு என்றால் மட்டும் 3,500 முதல் 7,000 வரை போகும். அதைக் கீழே வரும் வருடக் கணக்கில் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கேஸ்

கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருளல்ல. மூடிய குழாயில் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ஏற்றிய கேஸ் சில வாரத்திலோ சில மாதத்திலோ போய்விடும். "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் சிங்கிள் டோர் ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படியும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் பின் வலை சூடாகாது. ஓட்டை விழுந்த இடத்தில் பல சமயம் எண்ணெய்க் கசிவு தெரியும்.

வேலையை ஒப்படைக்கும் முன் போனிலேயே நான்கு கேள்வி கேளுங்கள். நைட்ரஜன் அடைத்துச் சோப்பு நுரை தடவி ஓட்டை பார்ப்பீர்களா? குழாயில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் புதிதாகப் போடுவீர்களா? தனி வேக்குவம் பம்ப் வைத்து அரை மணி நேரமாவது உள்ளிருக்கும் காற்றை இழுப்பீர்களா? கேஸைத் தராசில் நிறுத்துப் போடுவீர்களா? ஃப்ரிட்ஜின் சொந்தக் கம்ப்ரசரை ஓட்டியே காற்றை வெளியேற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தலைமுடி போன்ற கேப்பிலரி குழாயின் வாயில் அந்த ஈரம் ஐஸாகி அடைக்கும். குளிரும், நிற்கும், அணைத்துப் போட்டால் மறுபடி குளிரும் என்று கண்ணாமூச்சி காட்டும்.

எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று பெட்டியின் பின்புறமோ உள்பக்கமோ ஒட்டிய லேபிளில் இருக்கும். ஆர்-600ஏ என்றிருந்தால் பெரும்பாலும் 30 முதல் 60 கிராம்தான். ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். இது எரியும் வாயு. கம்ப்ரசர் மேல் தீச்சுடர் படம் போட்ட மஞ்சள் முக்கோணம் இருக்கும். உள்ளே மிச்ச வாயு இருக்கும்போது அடுப்பங்கரையில் வைத்துக் குழாயை வெல்டிங் செய்வது ஆபத்து. பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோகச் சொல்லுங்கள். இதற்குப் பதில் ஆர்-134ஏ போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் அழுத்தம் வேறு, கம்ப்ரசர் வேறு. லேபிளில் ஆர்-12 என்றிருந்தால் அது ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியாவில் 2010க்குள் நிறுத்தப்பட்ட வாயு. அந்தப் பெட்டியில் ரிலே, ரப்பர் வரை செலவு செய்யலாம், குழாயைத் திறக்கும் வேலை வேண்டாம்.

ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்துத்தான் தீர்ப்பு. வெளியே தெரியும் இணைப்பு என்றால் கேஸோடு சேர்த்து 2,500 முதல் 3,500 வரை. சிங்கிள் டோரில் ஃப்ரீசர் பெட்டியே குளிர்ச் சுருள் என்பதால் அதை மொத்தமாக மாற்றலாம். டபுள் டோரில் ஃப்ரீசர் கதவுச் சட்டத்துக்குள் வியர்வை பிடிக்காமலிருக்க ஒரு சூடான குழாய் ஓடும். அது துருப்பிடித்து ஓட்டையாவது சகஜம். நல்ல மெக்கானிக் அதைத் துண்டித்து வெளியே நேராக இணைத்துவிடுவார். அதன்பின் மழைக்காலத்தில் சட்டம் வியர்க்கும், துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். நுரைக்குள் புதைந்த குளிர்ச் சுருளிலேயே ஓட்டை என்றால் பெட்டியைக் கிழித்துச் செய்யும் வேலை, செய்யாதீர்கள்.

வேலை முடிந்து சில மணி நேரம் ஓடியபின் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் தடித்த குழாயைப் பாருங்கள். சற்றுக் குளிர்ந்திருக்கலாம். வெளியே வரை ஐஸ் பிடித்திருந்தால் கேஸ் அதிகம். காசு கொடுக்கும் முன் பார்ப்பது நல்லது.

கம்ப்ரசர்

புதுக் கம்ப்ரசர், ஃபில்டர், கேஸ், கூலி எல்லாம் சேர்ந்து 5,000 முதல் 8,500 வரை ஆகும். அதற்கு முன் பழைய பில்லைத் தேடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரசருக்குப் பத்து வருடம் வரை வாரண்டி தருகின்றன. அது கம்ப்ரசருக்கு மட்டும்தான், கேஸும் கூலியும் உங்கள் தலையில். ஆனாலும் கணிசமான மிச்சம்.

பாதி விலையில் ரீகண்டிஷன் கம்ப்ரசர், அதாவது பழையதைத் திறந்து சரிசெய்தது என்று வந்தால் கையிலெடுத்துப் பாருங்கள். இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியது போலிருக்கும் அதன் இடுப்பில் வெல்டிங் தடம் கரடுமுரடாக, இரண்டாம் முறை பற்றவைத்தது போலிருக்கும். எண்கள் பொறித்த தகட்டின் மேலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கும். அதற்குப் போடும் கேஸும் கூலியும் புதுக் கம்ப்ரசருக்கு ஆகும் அதே காசு. ஒரு வருடத்தில் மறுபடி கழற்ற நேர்ந்தால் எல்லாம் இரண்டு முறை.

மீட்டரில் கணக்குப் பார்ப்பது

பழையது கரண்டைக் குடிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு என்று அளந்துவிடலாம். டிஜிட்டல் ஈபி மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 என்பது போல் ஓர் எண் அச்சிட்டிருக்கும்; அத்தனை மினுக்கு சேர்ந்தால் ஒரு யூனிட். வீட்டில் ஃப்ரிட்ஜ் தவிர எல்லாவற்றையும் அணையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆவது, வைஃபை பெட்டி, டிவியின் சிவப்பு விளக்கு உட்பட. கம்ப்ரசர் ஓடும்போது பத்து நிமிடம் மினுக்குகளை எண்ணுங்கள். பிறகு ஒரு மணி நேரத்தில் கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறியுங்கள். நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடாது, ஆகவே காலை, மதியம், இரவு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

260 லிட்டர் பழைய டபுள் டோர் ஒன்றில் பத்து நிமிடத்தில் 80 மினுக்கு என்று வைத்துக்கொள்வோம். 80ஐ 3200ஆல் வகுத்தால் 0.025 யூனிட், மணிக்கு 0.15. மணிக்கு 45 நிமிடம் ஓடினால் நாளுக்கு 2.7 யூனிட், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 985. அதே அளவுள்ள புதியதன் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு 220 யூனிட் என்றிருந்தால், நம் வெயிலுக்கும் கதவு திறக்கும் பழக்கத்துக்கும் 270 என்று கூட்டியே வையுங்கள். மிச்சம் 715 யூனிட். இரண்டு மாத பில் ஒன்றுக்குச் சுமார் 119.

இந்த 119 யூனிட்டுக்கு என்ன விலை போடுவது? பில்லின் சராசரி விலையைப் போடக் கூடாது. குறையும் யூனிட்டுகள் உங்கள் பில்லின் உச்சிப் படியிலிருந்து, அதாவது யூனிட் விலை அதிகமுள்ள கடைசி ஸ்லாபிலிருந்து குறைகின்றன. ஏசி ஓடும் வீட்டில் அது யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றால் வருடத்துக்கு 5,000 ரூபாய். 27,000 கொடுத்து வாங்கிய புதியது ஐந்தரை வருடத்தில் தன் விலையைத் தானே கட்டிவிடும். இந்தப் பழைய டபுள் டோர் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றுவது லாபம்.

சிங்கிள் டோரின் கதை வேறு. 165 லிட்டர் பழையதில் பத்து நிமிடத்துக்கு 48 மினுக்கு, மணிக்கு 30 நிமிட ஓட்டம் என்றால் நாளுக்கு ஒரு யூனிட்டும் கொஞ்சமும், வருடத்துக்கு 394. புதியது 190 எடுத்தாலும் மிச்சம் 200 யூனிட்தான். 5 ரூபாய் வீதம் ஆயிரம் ரூபாய். 15,000 ரூபாய் பெட்டி அந்த மிச்சத்தில் விலையைக் கட்ட 15 வருடம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் அடங்கும் வீடாக இருந்தால் மிச்சம் இன்னும் சொற்பம். கரண்டை மட்டும் காரணம் காட்டி ஓடுகிற சிங்கிள் டோரை மாற்ற வேண்டாம்.

ஸ்டார் லேபிளில் நட்சத்திரத்தை எண்ணாமல் யூனிட்டைப் படியுங்கள். அளவுகோல் சில வருடத்துக்கு ஒரு முறை கடுமையாக்கப்படுகிறது. 2012இல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெட்டிக்கு இன்று அத்தனை கிடைக்காது.

முடிவெடுக்க ஒரு வகுத்தல்

விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் என்றால் மாற்று என்று ஒரு வழக்கு உண்டு. அது முரட்டுக் கணக்கு. ரிப்பேர் செலவை, அது இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதால் வகுங்கள். புதியதன் விலையை 12ஆல் வகுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

12 வயது சிங்கிள் டோர், பெட்டி கல் மாதிரி இருக்கிறது, தெர்மோஸ்டாட்டும் ரிலேயும் 1,200 ரூபாய். மூன்று வருடம் ஓடினால் வருடத்துக்கு 400. புதியது 15,000 என்றால் 1,250. ரிப்பேர்தான். அதே பெட்டிக்குக் கம்ப்ரசர் 6,500 என்றால், நாலு வருடம் ஓடினாலும் 1,625, புதியது மலிவு. மேலே பார்த்த அளவு கரண்டைக் குடிக்காத 7 வயது டபுள் டோரில் கதவுச் சட்டக் குழாய் ஓட்டைக்கு 4,500, ஐந்து வருடம் ஓடும் என்றால் 900. புதியதற்கு 2,250. இங்கே "பழசாகிவிட்டது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

எத்தனை வருடம் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மின்சாரப் பாகம் மாற்றினால் 15 வயது வரை என்றும், குழாயைத் திறந்த பெட்டிக்கு அதிலிருந்து இரண்டு வருடம் குறைத்தும் கணக்கிடலாம். உப்புக் காற்று அடிக்கும் ஊரென்றால் இன்னும் ஒன்று குறையுங்கள். ஒரே வருடத்தில் மூன்றாவது முறை மெக்கானிக் வருகிறார் என்றால் முந்தைய இரண்டு பில்லையும் சேர்த்தே வகுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் பழையதில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் ஓடுகிற பெட்டிக்கும் ஓடாததற்கும் கடைக்காரர் தரும் வித்தியாசம் ரிப்பேர் செலவைத் தொடாது. "தண்ணி பாட்டில் வைக்க மாடியில கிடக்கட்டும்" என்ற யோசனை வந்தால், அந்த 985 யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்க வாங்கியது புதுச் செலவாகிவிடும். பழைய இரும்புக் கடையில் குழாயை வெட்டி வாயுவை அப்படியே ஊதி விடுவார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் ஃப்ரிட்ஜும் அடக்கம். கம்பெனியின் சேகரிப்பு மையத்துக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுப்பது மேல். எடுத்துப் போகும்வரை தாழ்வாரத்தில் நிற்கப்போகிறது என்றால், குழந்தைகள் விளையாட்டாக உள்ளே புகுந்து கதவு சாத்திக்கொள்ளாதபடி முதல் வேலையாகக் கீல் திருகைக் கழற்றிக் கதவைத் தனியே எடுத்துச் சாத்தி வையுங்கள்.